“எதிர்ப்புச் சக்தி இல்லாமல் போச்சா, டாக்டர்?”

கட்டியிலிருந்து ஊசியால் மாதிரி எடுக்கும்போது நோயாளிகள் என்னிடம் கேட்பது இதைத்தான். அந்தக் குரலில் குற்றவுணர்வு இருக்கும், ஒழுங்காகச் சாப்பிடாததால் வந்த வினை என்பது போல. நோயியல் மருத்துவரான நான் நுண்ணோக்கியில் பார்ப்பதோ வேறு. இளஞ்சிவப்புத் திசுவின் நடுவே கருநீலப் பொட்டுகளாக, எதிர்ப்புச் செல்களான லிம்போசைட்டுகள் பல கட்டிகளில் திரண்டே வந்திருக்கின்றன. புற்றுச் செல்லை ஒட்டி நிற்கின்றன. ஆனால் அதை அழிப்பதில்லை.

காரணம், அவற்றுக்குக் கிடைக்கும் சைகை. லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி செல்லின் மேல் பிடி-1 என்ற புரதம் உண்டு. பிடி-எல்1 என்ற இன்னொரு புரதம் அதனோடு இணைந்தால், ‘நிறுத்து’ என்ற உத்தரவு உள்ளே போகும். நம் சொந்தத் திசுக்களை டி செல்கள் சிதைத்துவிடாதிருக்க உடல் வைத்திருக்கும் காப்பு இது. புற்றுச் செல் அதையே தனக்குக் கவசமாக்கிக்கொள்கிறது. தாக்கும் டி செல் இன்டர்ஃபெரான் காமா என்ற சைகைப் புரதத்தைச் சுரக்கும். அதை உணரும் புற்றுச் செல் பிடி-எல்1-ஐ இன்னும் கூட்டும். அதனால் பிடி-எல்1 பரிசோதனையில் பழுப்பு நிறம் படர்ந்திருந்தால், அந்த உடல் எதிர்த்துப் போராடியிருக்கிறது என்றே பல நேரங்களில் நான் எண்ணுகிறேன்.

கட்டி வேறு செல்களையும் வசப்படுத்தும். சிஎஸ்எஃப்-1 என்ற சைகையால் மேக்ரோஃபேஜ்கள் என்ற எதிர்ப்புச் செல்களை வரவழைக்கும். அவை புதிய ரத்த நாளங்கள் வளரத் துணைபோகும், டி செல்களை அடக்கும்.

1992-இல் கியோட்டோவில் தாசுகு ஹோஞ்சோவின் ஆய்வகம் பிடி-1-ஐக் கண்டறிந்தது. சிடிஎல்ஏ-4 என்ற மற்றொரு தடைப் புரதத்தை மறித்தால் எலிகளின் கட்டிகள் கரைவதை 1996-இல் ஜேம்ஸ் அலிசன் குழு காட்டியது. இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தத் தடைகளை மறிக்கும் மருந்துகள் இப்போது உண்டு. ஆனால் அவை எல்லோருக்கும் பலிப்பதில்லை. தடை நீங்கிய டி செல்கள் சிலருக்குக் குடலையும் தைராய்டையும் தாக்குவதுண்டு. விலையும் மிக அதிகம். ஆனால் மும்பை டாடா நினைவு மருத்துவமனை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் நிவோலுமாப் என்ற இத்தகைய மருந்தை மாத்திரைகளுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. ஓராண்டு கடந்து உயிரோடிருந்தவர்களின் பங்கு, மாத்திரைகள் மட்டும் பெற்றவர்களில் இருந்த 16 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாக உயர்ந்தது.

எதிர்ப்புச் சக்தி கூட்டும் பொடிகளுக்குப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். உங்கள் கட்டிக்கு பிடி-எல்1 பரிசோதனை பயன்படுமா, குறைந்த அளவு மருந்து பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.