‘சரி’ என்றால் போதுமா?

பல நாட்டவரும் பல மொழியினரும் ஒன்றுகூடித் தொழில் புரியும் இடங்கள் இன்று எங்கும் பெருகியுள்ளன. எல்லோருக்கும் ஆங்கிலம் தெரிந்தால் ஒருவர் கருத்தை மற்றவர் அறிவதில் தடையிராது என்று நாம் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை ஆகாய விமானத் துறை பல உயிர்களைப் பலிகொடுத்தே கற்றுக்கொண்டது.

1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி, ஸ்பெயினுக்குரிய தெனெரிஃப் தீவின் விமான நிலையத்தை மூடுபனி மறைத்திருந்தது. ஓடுபாதையின் முனையில் டச்சு விமானம் ஒன்று ஆயத்தமாக நின்றது. அதே பாதையில் அமெரிக்க விமானம் ஒன்று ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ‘இப்பொழுது மேலெழும் நிலையில் இருக்கின்றோம்’ என்னும் பொருள்பட, டச்சுத் துணை விமானி ஆங்கிலத்திலே அறிவித்தார். அனுமதி கிடைக்குமுன்பே விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. கோபுரத்திலிருந்த ஸ்பானிய அதிகாரியோ, விமானம் புறப்படும் இடத்தில் நிற்கின்றது என விளங்கிக்கொண்டு, முதலில் ‘சரி’ என்றார். பொறுத்திருக்கும்படி அவர் அடுத்துக் கூறியது, அதே கணத்தில் அமெரிக்க விமானத்திலிருந்து எழுந்த குரலுடன் கலந்து இரைச்சலாயிற்று. இரு விமானங்களும் மோதியதில் 583 பேர் மாண்டனர்.

1990ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் திகதி, கொலம்பியாவிலிருந்து நியூயோர்க்குக்குச் சென்ற அவியங்கா விமானம், காலநிலை சீர்கெட்டிருந்தமையால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக வானிலே வட்டமிட நேர்ந்தது. எரிபொருள் வற்றிக்கொண்டிருந்தது. துணை விமானி ‘முன்னுரிமை வேண்டும்’ என்று கேட்டார். இறங்கும் முதல் முயற்சி தவறியபின், அபாய நிலையை அறிவிக்குமாறு தலைமை விமானி ஸ்பானிய மொழியிலே பணித்தார். துணை விமானி, எரிபொருள் தீர்ந்து வருகின்றது என்று மட்டுமே கோபுரத்துக்குக் கூறினார்; தலைமை விமானியிடமோ, அறிவித்துவிட்டதாகப் பதிலுரைத்தார். ‘அபாயம்’ என்ற அந்த ஒரு சொல் அமெரிக்க அதிகாரிகளின் காதை எட்டவேயில்லை. அவர் குரலிலும் பதற்றம் இல்லை. நன்றி கூறிப் பணிவுடனேயே பேசினார். எரிபொருள் தீர்ந்து விமானம் வீழ்ந்தபோது, அதிலிருந்த 158 பேரில் 73 பேர் இறந்தனர்.

இவ்விபத்துக்களுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் சொல்லிலிருந்த மயக்கத்தைத் துறையினர் அலட்சியம் செய்யவில்லை. ‘மேலெழுதல்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை, அதற்கு அனுமதி வழங்கும்போதும் அவ்வனுமதியை ரத்துச் செய்யும்போதும் அன்றி வேறெப்போதும் வழங்கலாகாது என்றனர். முக்கியமான கட்டளையைப் பெற்றவர் ‘சரி’ என்று மட்டும் கூறலாகாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். கட்டளையிட்டவர் அதனைச் செவிமடுத்து, பிழையிருப்பின் திருத்தவேண்டும். 2008ஆம் ஆண்டில், சர்வதேச வழிகளில் பணிபுரியும் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் ஆங்கிலத் தேர்ச்சி விதி நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கும் இதிற் கடமையுண்டு. விரைவையும் மரபுத்தொடர்களையும் தவிர்த்து, அயலார்க்கு விளங்கும்படி அவர்கள் பேசுதல் வேண்டும்.

நமக்கும் இது பொருந்தும். நேரே மறுப்பது மரியாதையன்று எனக் கருதி, ‘பார்க்கலாம்’ என்று சொல்லி நிறுத்துவது நம்மவர் வழக்கம். அதன் உட்பொருள் நம் வீட்டார்க்குத் தெரியும். வேற்று மொழி பேசும் சக ஊழியரோ அதனை வாக்குறுதியாகவே கொள்ளக்கூடும். விளங்காதபோதும் தலையசைத்துச் ‘சரி’ என்பதும் அத்தகையதே. வைத்தியசாலையில் மருந்தின் அளவைக் குறித்தோ, தொழிற்சாலையில் இயந்திரத்தை நிறுத்துவது குறித்தோ அவ்வாறு தலையசைத்தால் விளையும் கேடு சிறிதன்று.

நாளை தொழிலுக்குச் செல்லவிருக்கும் மாணவர்கள் ஒரு வழக்கத்தை இன்றே பழகிக்கொள்ளலாம். ‘நீங்கள் கூறியதை நான் இவ்வாறு விளங்கிக்கொண்டேன், சரிதானா?’ என்று கேட்டறிவதே அது. மேலதிகாரியும் அதனை அறியாமையெனக் கருதிச் சினவாது, பொறுமையுடன் செவிமடுத்தல் வேண்டும். கேட்பவர் கூச்சத்தையும் சொல்பவர் அவசரத்தையும் சற்றே அடக்கிக்கொண்டால், எத்தனை மொழியினர் கூடிய இடத்திலும் வேலை செவ்வனே நடைபெறும்.