திருப்பிக் கொடுக்காமல் தீராத கடன்



திருவிழா நெருங்கினால் நம் ஆலயத்தில் நன்கொடை எழுதுவோர் பலர். தேர்ப்பவனி, மின்விளக்கு, அன்பின் விருந்து என ஒவ்வொன்றையும் ஒருவர் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறார். இது நல்ல மரபு. ஆனால், கொடுப்பவர்களில் சிலருடைய மனத்தில் ஒரு கணக்கும் ஓடுவதுண்டு. 'அலுவலகத்தில் கைநீட்டி வாங்கியது உண்மைதான். அதில் ஒரு பங்கைக் கோவிலுக்குக் கொடுத்தாயிற்று. பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியாயிற்று. இனிக் கடன் ஏதுமில்லை' என்பதே அந்தக் கணக்கு. இது சரியான கணக்குதானா? இன்று சிந்திப்போம்.

லூக்கா நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில் எரிகோ நகரின் சக்கேயுவைச் சந்திக்கிறோம். அவர் வரிதண்டுவோருக்குத் தலைவர்; செல்வர். அக்காலத்தில் பல இடங்களில் வரி தண்டும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைத் தொகைக்கு மேல் வசூலிப்பதெல்லாம் குத்தகைதாரருக்கே. எனவே மக்களிடமிருந்து எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவு கறந்தார்கள். இயேசு அந்த வீட்டிற்கு விருந்தாளியாகச் சென்றபோது, சக்கேயு எழுந்து நின்று இரண்டு முடிவுகளை அறிவிக்கிறார். தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பது ஒன்று. ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காக உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது மற்றொன்று.

இந்த இரண்டையும் அவர் ஒன்றாகக் கலக்கவில்லை என்பதைக் கவனிப்போம். முதலாவது அன்பின் செயல். இரண்டாவது நீதியின் கடன். பாதியை ஏழைகளுக்குக் கொடுத்ததால், ஏமாந்தவர்களின் பணம் தீர்ந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை. ஒருவரை வஞ்சித்தவர் முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டித் தரவேண்டும் என்பது எண்ணிக்கை நூல் 5ஆம் அதிகாரம் தரும் சட்டம். ஆட்டைத் திருடி விற்றவனே நான்கு மடங்கு தரவேண்டும் என விடுதலைப் பயண நூல் கூறுகிறது. தம் செயலுக்குத் திருட்டு என்றே பெயரிட்டு, அதற்குரிய சட்டத்தைத் தமக்கே விதித்துக்கொண்டார் சக்கேயு.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சக்கேயு பணத்தைத் திருப்பிய பிறகு இயேசு வரவில்லை. இயேசு வந்த பிறகுதான் அவர் கை திறந்தது. மன்னிப்பைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. ஆனால், மன்னிப்பை உண்மையாகப் பெற்றவர் பிறர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கவும் முடியாது.

திருச்சபையின் படிப்பினை இதில் மிகத் தெளிவானது. ஆப்பிரிக்காவில் உரோமைப் பேரரசின் உயர் அதிகாரியாக இருந்த மாசெதோனியு என்பவருக்கு எழுதிய மடலில், திருப்பிக் கொடுக்க இயன்றும் கொடுக்காதவர் மனம் வருந்துவதுபோல் நடிக்கிறார் என்று புனித அகுஸ்தினார் கண்டிக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 1459இலும் 2412இலும் இதையே கற்பிக்கிறது. எண் 2409 தரும் பட்டியலில் கையூட்டு மட்டுமல்ல, நியாயமற்ற கூலி, வரி ஏய்ப்பு, போலி ரசீது, அரைகுறையாகச் செய்த வேலை ஆகியவையும் அடங்கும். ஆகவே இது அரசு ஊழியர்களுக்கு மட்டும் உரிய மறையுரை அன்று. எடை குறைத்து விற்கும் கடைக்காரரும், பேசிய கூலியைப் பிடித்துக்கொள்ளும் முதலாளியும் இதில் அடக்கம்.

அப்படியானால் யாரிடம் திருப்பிக் கொடுப்பது? பட்டா மாற்றத்திற்கோ முதியோர் உதவித்தொகைக்கோ அலைந்தவரிடம் வற்புறுத்தி வாங்கியிருந்தால், அது அவருடைய பணம், அவரிடமே சேரவேண்டும். அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளிடம் சேரவேண்டும். தேடியும் உரியவரைக் கண்டுபிடிக்க முடியாதபோதுதான் ஏழைகளுக்குக் கொடுக்கலாம். ஒப்பந்ததாரரும் பொறியாளரும் கூட்டுச் சேர்ந்து தரமற்ற சாலையைப் போட்டிருந்தால், இருவரும் அந்த ஊருக்கே கடன்பட்டவர்கள். இப்படிக் கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்தே நீதியை மீறியபோது, அந்தப் பணம் வாங்கியவரிடமும் தங்கக்கூடாது, கொடுத்தவரிடமும் திரும்பக்கூடாது. தர்மத்திற்கே செல்லவேண்டும் என்பது புனித தோமா அக்குவினாவின் விளக்கம்.

கொடுப்பவர்களையும் பிரித்துப் பார்க்கவேண்டும். தமக்கு உரியதைப் பெறவே வேறு வழியின்றிக் கொடுத்தவர் பறிக்கப்பட்டவர். பிறருடைய வேலைவாய்ப்பையோ நிலத்தையோ தட்டிப் பறிக்கக் கொடுத்தவர் பறித்தவர். நம் நாட்டின் ஊழல் தடுப்புச் சட்டமும் 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தில் கையூட்டுக் கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. கட்டாயத்தால் கொடுக்க நேர்ந்தவர் 7 நாள்களுக்குள் உரிய அதிகாரிகளிடம் தெரிவித்தால், அவருக்குப் பாதுகாப்பும் தருகிறது. 'எல்லாரும்தானே கொடுக்கிறார்கள்' என்று நாம் பெருமூச்சு விடும்போது இதையும் நினைவில் கொள்வோம்.

ஆலயத்திற்குக் கொடுத்துவிட்டால் போதாதா? பெற்றோருக்குச் செய்யவேண்டியதை 'கொர்பான்' என்று கடவுளுக்கு நேர்ந்துவிட்டுத் தப்பித்தவர்களை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு கடிந்துகொள்கிறார். ஏழையின் பொருளைப் பறித்துப் பலியிடுவது, தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்வதற்கு ஒப்பானது எனச் சீராக்கின் ஞானம் 34ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. ஆகவே, பிறருக்கு உரிய பணத்தில் எழும் கோபுரம் ஆண்டவருக்கு மகிமை ஆகாது. கொடுக்கப்படும் ஒவ்வொரு ரூபாயையும் கேள்வியின்றி வாங்கி, கல்வெட்டில் பெயர் பொறிக்கும் பங்காக நாம் இருந்தால், அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

'இவ்வளவு காலம் கழித்து எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஊரறிந்தால் குடும்பத்தின் மானம் என்னாவது?' என்று யாரேனும் கலங்கலாம். ஊரறியக் கொடுக்கவேண்டும் என்று திருச்சபை கேட்கவில்லை. பெயர் தெரியாமலும் அனுப்பலாம். அருள்பணியாளர் வழியாகவும் சேர்ப்பிக்கலாம். ஒப்புரவு அருளடையாளத்தில் சொன்னது எக்காரணம் கொண்டும் வெளிவராது. ஒரே தடவையில் இயலாவிட்டால் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உண்மையிலேயே வழியில்லாதவரிடம் உடனடித் தொகையை அன்று, இயலும்போது கொடுப்பேன் என்ற உறுதியையே ஆண்டவர் எதிர்பார்க்கிறார்.

அன்புக்குரியவர்களே, இந்த வாரம் நம் வீட்டுக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். நம்மிடம் தங்கியிருக்கும் பிறர் பணம் எது, யாருடையது என்று கண்டறிவோம். ஒருவருடையதையாவது இவ்வாரமே திருப்பிக் கொடுப்போம். சக்கேயுவின் வீட்டிற்கு வந்த மீட்பு நம் வீட்டிற்கும் வரவும், வந்தவரை மகிழ்ச்சியோடு வரவேற்கும் துணிவு நமக்குக் கிடைக்கவும் மன்றாடுவோம். ஆமென்.