காட்டைத் திருத்திய விருந்தினர்

வேப்பனப்பள்ளிச் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று பாஷைகளிலும் பேரம் நடக்கும். மூன்று ராஜ்யங்களின் எல்லை நெருங்கும் பிரதேசம் அது. அங்கே ஸ்திரீகள் வாரந்தோறும் கூடிச் சிறுதொகை சேமிக்கும் சுயஉதவிக் குழுக்களை நேயர்கள் அறிவார்கள். தமிழ்நாட்டில் இவ்வியக்கம் 1989-ம் வருஷத்தில், கிருஷ்ணகிரிப் பகுதியையும் உள்ளடக்கியிருந்த அந்நாளைய தர்மபுரி ஜில்லாவில்தான் ஆரம்பமாயிற்று. அவ்வேலையில் துணை நின்ற ஸ்தாபனங்களுள் ஒன்று மைராடா. அந்த ஸ்தாபனமோ நம் குடியானவர்களுக்காகப் பிறந்ததன்று. 1968-ல், மைசூர் ராஜ்யத்தில் திபெத்திய அகதிகளைக் குடியமர்த்துவதற்காகவே அது தோன்றியது. வீடிழந்து வந்தவர்களுக்காக ஏற்பட்ட ஸ்தாபனம் பிற்பாடு வீடுள்ள ஏழைகளுக்கும் உதவிற்று. ஆகவே அந்த அகதிகளின் கதை நமக்கு அவ்வளவு அந்நியமானதன்று.

மைசூரிலிருந்து குடகு செல்லும் பாதையில் சுமார் 50 மைல் தூரத்தில் இருக்கிறது பைலகுப்பே. 1959 மார்ச்சில் தலாய் லாமா லாஸாவை விட்டு வெளியேறி இந்திய எல்லையை அடைந்தார். அவரைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான ஜனங்கள் பனிமலைகளைக் கடந்து வந்தனர். முதலில் அவர்களுக்குக் கிடைத்த பிழைப்பு, இமயமலைச் சரிவுகளில் சாலை போடக் கல்லுடைப்பது. அந்த ஸ்திதியைக் கண்ட நேரு அவர்களின் ஸர்க்கார், நிலம் தரும்படி ராஜ்யங்களைக் கேட்டது. மைசூர் முன்வந்து சுமார் 3000 ஏக்கர் காட்டைக் கொடுத்தது. 1960-ம் வருஷக் கடைசியில் முதல் கூட்டத்தார் வந்து சேர்ந்தார்கள்.

கொடுத்தது காடு என்பதை நாம் மறக்கலாகாது. பன்னிரண்டாயிரம் அடி உயரத்துக் குளிரில் பிறந்து, யாக்கும் ஆடும் மேய்த்து, பார்லி பயிரிட்டவர்கள், மூங்கில் குடிசைகளிலும் கூடாரங்களிலும் தங்கி மரம் வெட்டினார்கள். வேரைப் பறித்து எரித்தார்கள். வெயிலும் நோயும் பலரைக் கொண்டுபோயின. விளைந்ததை யானைகள் தின்றன. அந்த மண்ணில் பிடித்த பயிர் மக்காச்சோளம். ஆளுக்குச் சுமார் ஓர் ஏக்கர் என்று நிலம் பகிரப்பட்டது. கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது, டிராக்டர் வந்தது. 1969-ல் இரண்டாவது குடியிருப்பும் எழுந்தது. அதற்கு ‘தீக்கி லார்ஸோ’ என்று பெயர் வைத்தார்கள். ‘மீண்டு வந்த மகிழ்ச்சி’ என்று அதற்குப் பொருள் கூறலாம்.

ஊர்ப் பெயரில் ஏக்கத்தைப் பொதிந்து வைப்பது அகதிகளின் வழக்கம் போலும். 1923-ல் கிரேக்க தேசமும் துருக்கியும் ஜனங்களைப் பரிமாறிக் கொண்டபோது, சுமார் 12 லக்ஷம் பேர் கிரேக்க மண்ணுக்கு வந்தார்கள். அவர்கள் அமைத்த பல ஊர்களின் பெயர்கள், ‘புதிய’ என்று பொருள்படும் ‘நியா’ என்ற சொல்லோடு, விட்டு வந்த ஊரின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர்கள் வந்தவுடனே கிரேக்கப் பிரஜைகளானார்கள். திரும்பிப் போகும் வாசல் அடைபட்டது. பைலகுப்பேவாசிகளுக்கு அவ்வாசல் அடைபடவுமில்லை, திறக்கவுமில்லை.

இதனால் நேர்ந்த தர்மசங்கடம் சிறிதன்று. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-ந் தேதிக்கு முன்வரை இந்நாட்டில் பிறந்தவர்கள் சட்டப்படி இந்தியப் பிரஜைகளே. டெல்லி ஹைகோர்ட்டும் அவர்களுடைய உரிமையை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆயினும், அவ்வுரிமையை எடுத்துக்கொண்டால் திபெத்தின் வழக்கு பலவீனமாகிவிடாதா என்று தயங்குகிறவர்கள் உண்டு. எடுத்துக்கொள்ளாவிட்டால் பாஸ்போர்ட் இல்லை. ஸர்க்கார் உத்தியோகம் இல்லை. தாத்தா வெட்டித் திருத்திய வயலும் சொந்தமன்று, குத்தகை. குடும்பங்கள் பெருகின, நிலம் பெருகவில்லை. குளிர்காலத்தில் பலர் நம் நகரங்களின் நடைபாதைகளில் லூதியானாக் கம்பளிச் சட்டைகளை விற்கிறார்கள். படித்த பிள்ளைகள் பெங்களூருக்கோ கடல் கடந்தோ போய்விடுகிறார்கள். இரு பக்கத்தாரில் எவரையும் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

ஸேரா மடம் அங்கே மறுபடி எழுந்திருக்கிறது. 1963-ல் பெனோர் ரின்போச்சே தொடங்கிய நம்த்ரோலிங் மடத்தின் பொன்மயமான புத்தர்களைக் காண உல்லாசப் பிரயாணிகள் கூட்டமாக வருகிறார்கள். நமக்கு அதைவிட ரஸமாகத் தோன்றுவது வீட்டுச் சடங்குகள்தாம். ‘லோஸார்’ என்னும் புத்தாண்டு பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். அதற்கு முன், பழைய வருஷத்தின் கடைசி மாதம் 29-ந் தேதி இரவில், ஒன்பது வகைப் பண்டம் சேர்த்துக் ‘குதுக்’ என்ற கஞ்சி காய்ச்சுகிறார்கள். அதிலுள்ள மாவு உருண்டைகளுக்குள் மிளகாய், கம்பளிநூல், கரி முதலியவை ஒளிந்திருக்கும். மிளகாய் கிடைத்தவர் வாயாடி. கம்பளி கிடைத்தவர் மிருதுவான மனத்தினர். கரி கிடைத்தவர் பாடு சிரிப்புக்கிடம்! பின்பு மாவினால் ஓர் உருவம் பிடித்து, வீட்டின் பீடைகளையெல்லாம் அதன்மேல் ஏற்றி, தீப்பந்தத்துடன் வெளியே கொண்டுபோய் எறிந்துவிடுகிறார்கள். போகியன்று பழையன கழிப்பதும், பூசணிக்காய் சுற்றித் திருஷ்டி கழிப்பதும் வாசகிகளுக்கு நினைவு வராமலிராது.

நம் கிராமங்களில் முளைப்பாரி வளர்ப்பதுபோலவே, லோஸாருக்குச் சில வாரங்கள் முன்னதாக அவர்களும் சிறு பாத்திரத்தில் பார்லியோ கோதுமையோ விதைத்து நீர் தெளிக்கிறார்கள். பசும் முளை ஒரு சாண் எழுந்ததும் அதைப் பூஜைப் பீடத்தில், தலாய் லாமாவின் படத்துக்கு முன்னால் வைத்து, வருஷம் நன்றாக விளைய வேண்டுமென்று பிரார்த்திக்கிறார்கள். வாசலுக்கு வெளியே விளைய வேண்டியதோ மக்காச்சோளம்.