கேழ்வரகுத் தாளுக்குள் ஒரு சுரங்கம்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாகப் போன தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. தோண்டும் வேலை மட்டும் நிற்கவில்லை! நம்பாவிட்டால், ஊரைத் தாண்டிக் கேழ்வரகுக் கொல்லைப் பக்கம் வாருங்கள்.

பச்சைப் பயிருக்கு நடுவே ஒரு தண்டில் நடுக்குருத்து மட்டும் காய்ந்து நிற்கிறதா? லேசாக இழுங்கள். கையோடு வந்துவிடும். இப்போது அந்தத் தண்டைத் திருப்பிப் பாருங்கள்: சின்னதாக ஓர் ஓட்டை, அதன் வாயில் ஈரம் காயாத எச்சம். நகத்தால் நெடுக்கப் பிளந்தால்... ஆள் உள்ளேயேதான் இருக்கிறார்! தலை ஆரஞ்சுச் சிவப்பு, முதுகு ரோஜா நிறம், வயிறு வெளுப்பு. இவ்வளவு அழகை எதற்கு இருட்டுக்குள் ஒளித்து வைக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கமே வருகிறது. இதுதான் இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பான்; அறிவியல் பெயர் செசாமியா இன்ஃபெரன்ஸ்.

கதை தொடங்குவது இன்னும் இடுக்கான இடத்தில். தாய் அந்துப்பூச்சி இரவில் வந்து, தண்டைச் சுற்றியிருக்கும் இலை உறைக்கும் தண்டுக்கும் நடுவே முட்டைகளை வரிசை வரிசையாகச் செருகிவிடுகிறது. வெளியிலிருந்து யார் கண்ணிலும் படாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிக்கும் குட்டிப் புழுக்கள் முதலில் கூட்டமாக அந்த உறையையே சுரண்டித் தின்னும். பிறகுதான் தண்டைத் துளைக்கும். ஒரு தண்டு சலித்தால் இறங்கிப் போய் அடுத்ததில் புது வாசல் திறக்கும்! மூன்று நான்கு வாரம் இந்தக் குடைச்சல். அப்புறம் பெரும்பாலும் அந்தச் சுரங்கத்திலேயே கூட்டுப்புழு.

விவசாயிக்கு இது வயிற்றெரிச்சல்தான். கதிர் வரும் நேரத்தில் புழு புகுந்தால் கதிர் வெளுத்துப்போகும், மணி பிடிக்காது. பாடுபட்ட களி தட்டுக்கு வராது.

அறுப்பு முடிந்தால் புழு எங்கே போகும்? அடிக்கட்டையில் தங்கும். நெல், கரும்பு, மக்காச்சோளம், கினியாப் புல் என்று புல் குடும்பத்தில் எது கிடைத்தாலும் சரி. இந்தியா, இலங்கையிலிருந்து ஜப்பான் வரைக்கும் இதற்குச் சொந்த வீடுகள்!

அந்த வீட்டுக்குள்ளும் திருட்டுத்தனமாக நுழைய ஓர் ஆள் உண்டு. கொட்டேசியா ஃபிளாவிப்ஸ் என்னும் குளவி, நீளம் சில மில்லிமீட்டர்தான். புழுவின் எச்ச வாசனையைப் பிடித்து, அதே ஓட்டை வழியாகச் சுரங்கத்துக்குள் இறங்கும். திரும்பிப் படுக்கக்கூட இடமில்லாத அந்த இருட்டில் புழுவைக் கொட்டி, அதன் உடம்புக்குள் முட்டையிடும். புழு சும்மா இருக்குமா? திருப்பிக் கடிக்கும்; குளவி பல சமயம் அங்கேயே செத்துவிடும். ஆனால் முட்டை ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் முடிந்தது கதை. சில நாளில் குளவிக் குஞ்சுகள் புழுவின் தோலைத் துளைத்துக்கொண்டு வந்து, வெள்ளை வெளேரென்று கூடு கட்டும். இந்தக் குளவி நம் வயலுக்குச் சம்பளம் வாங்காத காவல்காரர். கண்மூடித்தனமாக மருந்தடித்தால் முதலில் சாவது இவர்தான். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

தப்பித்த புழு கடைசியில் வைக்கோல் நிற அந்துப்பூச்சியாக வெளியே வரும். முன்சிறகில் பழுப்புக் கோடு, பின்சிறகு வெண்மை. ஆயுள் சில நாள்தான், அதற்குள் ஜோடி சேர வேண்டும். பெண் ஓரிடத்தில் உட்கார்ந்து வயிற்று நுனியிலிருந்து மணத்தைக் காற்றில் விடும். ஆண் அதைப் பிடித்துக்கொண்டே இருட்டில் பறந்து வரும்.

நேரில் பார்க்க ஆசையா? தெருவிளக்கு போதும். சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902-இல். விட்டில்களுக்கும் அன்றிலிருந்து கொண்டாட்டம்தான்! விளக்கடிச் சுவரில் வைக்கோல் நிறத்தில் ஒன்று ஒட்டியிருந்தால் பக்கத்தில் போய் உணர்கொம்பைப் பாருங்கள். வெறும் நூலாக இருந்தால் பெண். சீப்புப் பல் மாதிரி கிளைத்திருந்தால் ஆண்.