டப்பாவில் கறுப்பு வெளுக்காத பீன்ஸ்!

கறுப்பு பீன்ஸ் கொட்டையில் ஒரு பிடி எடுத்து, இரவில் தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் தண்ணீர் ஊதா நிறமாக மாறியிருக்கும். வீட்டில் இது ஒரு விஷயமே அல்ல. அமெரிக்காவில், மிச்சிகன் மாகாணத்து விவசாயிக்கோ இந்தச் சாயம் பெரிய கவலை!

தேசப்படத்தில் மிச்சிகன் ஒரு கையுறை போல இருக்கும். அதன் கட்டைவிரல் பக்கத்தில்தான் பீன்ஸ் அதிகம் விளைகிறது. அந்த வட்டாரத்துக்கே "கட்டைவிரல்" என்றுதான் பெயர். நாம் பிஞ்சாகப் பறித்துப் பொரியல் செய்கிறோமே, அதே இனம்தான் அங்கும். வடநாட்டார் சாப்பிடும் ராஜ்மாவும் இதே இனம். மிச்சிகனில் காயைச் செடியிலேயே முற்றிக் காய விட்டு, உள்ளே இருக்கும் கொட்டையை எடுக்கிறார்கள். பெரும்பகுதி டப்பாவில் அடைக்கும் ஆலைகளுக்குப் போகிறது.

விவசாயிக்குப் பிடித்த ரகம் வேறு, கடையில் வாங்குகிறவருக்குப் பிடித்த ரகம் வேறு. ஆலைக்காரர் கேட்பதோ இன்னொன்று!

எக்ஸ்ரே செய்த வேலை

மிச்சிகனில் முன்பு "மிச்சிலைட்" என்ற வெள்ளை ரகத்தைப் பயிரிட்டார்கள். அது கொடி. தரையில் படர்ந்து கிடக்கும். அறுவடை சமயத்தில் மழை பிடித்தால் போச்சு! மண்ணில் படும் காய்கள் அழுகும். வெள்ளைக் கொட்டையில் கறை ஏறும்.

விஞ்ஞானிகள் அதன் விதைகளில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார்கள். முளைத்த செடிகளில் ஒன்று, படராமல் குத்துச்செடியாக நின்றது! அதை வைத்து உண்டாக்கிய "சனிலாக்" ரகம் 1956-ல் வெளிவந்தது. சனிலாக் என்பது அந்த வட்டாரத்து ஜில்லா ஒன்றின் பெயர்.

பின்னால் வந்த ரகங்கள் இன்னும் நிமிர்ந்து நின்றன. செடியைப் பிடுங்கிப் போட்டு, காயவைத்து, பிறகு அடிக்கும் வேலை குறைந்தது. யந்திரம் நேரே வயலில் இறங்கி அறுத்து விடுகிறது.

பழசா, புதுசா?

மேற்கே உள்ள வட டகோடா மாகாணத்தில் "பின்டோ" என்ற புள்ளிக் கொட்டை ஏராளம். மூட்டையில் இருக்க இருக்க இது பழுப்பேறும். "இது பழசு, வேகாது" என்று குடும்பத் தலைவி தள்ளி விடுவாள். அவள் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. வெப்பத்திலும் ஈரத்திலும் நாள்பட்டுக் கிடந்த கொட்டை வேக நேரமாகும்.

அதனால், சீக்கிரம் பழுப்பேறாத பின்டோ ரகங்களை உண்டாக்கினார்கள். வியாபாரிக்குச் சந்தோஷம். ஆனால், நிறமே மாறாவிட்டால் வாங்குகிறவள் பழசை எப்படிக் கண்டுபிடிப்பாள்? இந்த விஷயத்தில் என் ஓட்டு அவளுக்குத்தான்!

ஆலையில் பரீட்சை

மிச்சிகன் ஸ்டேட் சர்வகலாசாலையில், ஒவ்வொரு புது ரகத்தையும் டப்பாவில் அடைத்தே சோதிக்கிறார்கள். கொட்டையை ஊறவைத்து, வெந்நீரில் போட்டு எடுத்து, உப்பு நீரோடு டப்பாவில் மூடி, நீராவி அழுத்தத்தில் வேக வைக்கிறார்கள். பிறகு திறந்து பார்த்து மார்க் போடுகிறார்கள். தோல் வெடித்திருக்கிறதா? குழைந்து விட்டதா? ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி விட்டதா?

கறுப்பு ரகத்துக்குக் கூடுதலாக ஒரு கேள்வி: கறுப்பு மிச்சம் இருக்கிறதா? வயலில் எவ்வளவு விளைந்தாலும், டப்பாவில் வெளிறிப் பழுப்பாகி விட்டால் ஆலைக்காரர் முகம் சுளிப்பார். விவசாயியின் ஒரு வருஷத்து உழைப்பு அந்த டப்பாவில் இருக்கிறது.

அங்கே உருவான "ஜோரோ" 2009-ல் பதிவானது. நிமிர்ந்து நிற்கும், நன்றாக விளையும். நிறத்தில்தான் குறை. 2015-ல் பதிவான "ஜெனித்"தும் நிமிர்ந்து நிற்கிறது. ஆந்த்ரக்னோஸ் என்ற பூசண நோயையும் தாங்குகிறது. டப்பாவைத் திறந்தால் ஜோரோவைவிடக் கறுப்பாக இருக்கிறது.

ஜெனித்தையும் ஊறப் போட்டால் சாயம் விடத்தான் செய்கிறது. எல்லாச் சாயத்தையும் விட்டு விடுவதில்லை, அவ்வளவுதான்.