ஒன்றரை வயதுக்குப் பின் அட்டை எங்கே?

குழந்தை பிறந்த முதல் வருடம் தடுப்பூசி அட்டை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பாலிதீன் உறை போட்டு, அம்மாவின் பையிலேயே வைத்திருப்பார்கள். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என்று தேதி பார்த்து, புதன்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். மறந்தாலும் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து நினைவூட்டுவார்.

குழந்தை நடக்கத் தொடங்கியதும் அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. ஊசியெல்லாம் முடிந்துவிட்டது என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். முடிவதில்லை.

விட்டுப்போகும் கட்டங்கள்

அட்டையில் 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு கட்டம் இருக்கிறது. அதற்கடுத்து 5 வயது, பிறகு 10, 16 வயது. அதிகம் காலியாகக் கிடப்பவை இவைதான்.

தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குழந்தையின் இரத்தத்தில் ஒன்பதாம் மாதத்திலும் மிச்சம் இருக்கலாம். ஊசி மருந்தை அது வேலை செய்ய விடாது. அதனால் முதல் தவணையில் 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்கே பாதுகாப்பு கிடைக்கிறது. மீதிக் குழந்தைகளைக் காப்பது ஒன்றரை வயதில் போடும் இரண்டாம் தவணை. தங்கள் குழந்தை அந்த 15 பேரில் ஒன்றா என்று எந்தப் பெற்றோருக்கும் தெரியாது. 2022 இறுதியில் மும்பையின் கோவண்டி பகுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, தவணை விட்டுப்போன குழந்தைகள்தான் பெரிதும் பாதிக்கப்பட்டார்கள்.

தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி ஆகியவற்றில் சிக்கல் வேறு. கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசியின் வலு ஆண்டுகள் போகப் போகக் குறையும். அதை மீட்கத்தான் ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் ஊக்கத் தவணைகள். 2016-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் பரவியபோது படுத்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் பலர். கைக்குழந்தை நோய் என்று தள்ளிவைக்கக் கூடியதல்ல அது. 10, 16 வயதுகளில் போடும் டிடி ஊசியும் ரண ஜன்னிக்கு மட்டுமானதன்று. தொண்டை அடைப்பானுக்கும் அதுதான் காவல்.

சளி இருந்தால் போடலாமா?

பெரும்பாலான தவணைகள் தள்ளிப்போவது இந்தக் கேள்வியால்தான். லேசான சளி, இருமல், சிறு வயிற்றுப்போக்கு இருந்தாலும் தடுப்பூசி போடலாம். கடும் காய்ச்சல் என்றால் மட்டும் மருத்துவர் சில நாள் தள்ளிவைப்பார். தேதி தாண்டிவிட்டதே, முதலிலிருந்து போட வேண்டுமோ என்ற பயமும் வேண்டாம். விட்ட இடத்திலிருந்தே தொடர்வார்கள். திட்டுவார்களோ என்று தயங்கிப் போகாமல் இருப்பதுதான் குழந்தைக்குக் கேடு.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். இரவில் காய்ச்சல் வந்தால் கொடுக்கும் பாராசிட்டமால் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. கிளம்பும் முன்பே செவிலியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எடைக் கோடு

தாய் சேய் நல அட்டையில் பலர் புரட்டாத பக்கம், வளர்ச்சி வரைபடம். பிறந்த எடை ஐந்தாவது மாதவாக்கில் இரட்டிக்கும், ஒரு வயதில் மும்மடங்காகும். அதன் பிறகு எடை ஏறும் வேகம் குறைவது இயல்பு. ஆனால் ஏற்றமே நின்று கோடு இரண்டு மூன்று மாதம் படுத்துக் கிடந்தால், குழந்தை கொழுகொழுவென்று தெரிந்தாலும் கவனிக்க வேண்டும். பால்வாடியில் மாதாமாதம் எடை பார்ப்பது இந்தக் கோட்டுக்காகத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆறு வயதுக் கடைவாய்ப் பல்

ஆறு வயதுவாக்கில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. விழுந்து முளைக்காததால் அதையும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். சொத்தையானாலும் ‘விழுகிற பல்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல்.

கண் இன்னும் நுட்பமானது. கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளை அதைச் சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு கண் சோம்பிப் போயிருந்தால் சிகிச்சை சிறு வயதில்தான் நன்றாகப் பலிக்கும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பால்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து பார்க்கிறது. அவர்கள் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டு புத்தகப்பைக்குள்ளேயே கிடந்து கசங்கிவிடக் கூடாது.

வைட்டமின் ஏ திரவம் ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மொத்தம் 9 தவணை. பூச்சி மாத்திரையை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலேயே தருகிறார்கள். பிள்ளை அன்று விடுப்பு என்றால், விட்டவர்களுக்காகச் சில நாள் கழித்து மறுபடி தரும் நாளில் கேட்டு வாங்க வேண்டும்.

இன்று இரவே பீரோவைத் திறந்து அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்றரை வயதுக்கு நேரே, 5 வயதுக்கு நேரே தேதி எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் வரும் புதன்கிழமை பிள்ளையோடு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசிகளுக்குக் கட்டணம் இல்லை.