வாக்காளர் மனத்தை அளப்பது எங்ஙனம்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் பெரியோர். நெல் மூட்டையில் குத்தூசியைச் செலுத்தி, வந்த நெல்லைக் கொண்டு மூட்டையின் தரத்தைக் காண்கிறோம். நூல் சிப்பத்தில் இரண்டொரு சிட்டங்களைப் பிரித்துப் பார்த்துச் சிப்பம் முழுவதையும் மதிப்பிடுகிறோம். தேர்தலுக்கு முன் சிலரைக் கேட்டுப் பலருடைய எண்ணத்தை அறியும் கருத்துக் கணிப்பும் இம்முறையைச் சார்ந்ததே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. குத்தூசிக்கு நெல் மறுப்புச் சொல்வதில்லை, மனிதர் சொல்லுவர்.

அமெரிக்காவில் அயோவா மாநிலம் மக்காச்சோளமும் சோயா மொச்சையும் மிகுதியாக விளையும் பூமி. விவசாயிகளின் கூட்டுறவுத் தானியக் கிடங்குகள் அங்குப் பல ஊர்களில் உண்டு. பழைமையைப் போற்றும் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் டிரம்ப்புக்கே அம்மாநிலம் 2016-லும் 2020-லும் வாக்களித்தது. அங்கே ஒரு பத்திரிகைக்காக ஆன் செல்சர் என்னும் அம்மையார் நடத்திவந்த கணிப்பு பெரும் புகழ் பெற்றிருந்தது. 2020-இல் டிரம்ப் 7 சதவீதம் முந்துவார் என்றது; சுமார் 8 சதவீதம் முந்தினார். 2024 நவம்பர் 2-ஆம் தேதி வெளியான கணிப்போ, 808 பேரைக் கேட்டு, ஹாரிஸுக்கு 47, டிரம்ப்புக்கு 44 என்றது. நவம்பர் 5-ஆம் தேதி நடந்த தேர்தலில் டிரம்ப் ஏறக்குறைய 13 சதவீத வித்தியாசத்தில் வென்றார்.

808 பேரைக் கேட்கும்போது தற்செயலாக நேரும் பிழை, ஒருவர் பெறும் ஆதரவில் 3.4 சதவீதம் வரை இருக்கலாம். இருவருக்கிடையேயுள்ள வித்தியாசத்தில் அது இரு மடங்காகலாம். 16 சதவீத விலகலுக்கு அது போதிய காரணம் ஆகாது. வேறு சிலர், "சென்ற முறை யாருக்கு வாக்களித்தீர்?" என்றும் கேட்டு, அதற்கேற்பக் கணக்கைச் சரிசெய்வர், செல்சர் அம்முறையைக் கையாளவில்லை. பின்னர் நடந்த மறுஆய்விலும் பிழைக்கு ஒரே காரணம் இன்னதென்று தெளிவாகவில்லை. எனினும், கணிப்பாளரையும் பத்திரிகையையும் நம்பாதவர் பதில் கூறாது ஒதுங்கிவிட்டால், கூறுவோரின் கருத்தே ஊரின் கருத்தாகத் தோன்றும் என்பதை அறிஞர் பலர் சுட்டியுள்ளனர்.

கேட்போரின் எண்ணிக்கையைப் பெருக்கினால் இக்குறை நீங்குமோ எனின், நீங்காது. 1936-இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் அமெரிக்கப் பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளை அனுப்பியது. தொலைபேசியும் மோட்டாரும் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து பெயர்களை மிகுதியாக எடுத்தது. அவையோ பஞ்ச காலத்தில் வசதி உடையோர் பட்டியல்கள். நாலில் ஒருவருக்கும் குறைவானவரே சீட்டைத் திருப்பி அனுப்பினர். லாண்டன் வெல்வார் என்று பத்திரிகை கூறியது. ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார்.

நம் சங்கங்களுக்கு இதனால் விளையும் பாடம் யாது? நிர்வாகக் குழுத் தேர்தலோ மகாசபையோ நெருங்கும்போது, "அங்கத்தினர் மனம் எமக்குத் தெரியும்" என்போர் உளர். அவர்கள் கேட்டிருப்பது பெரும்பாலும் நூல் வாங்க அலுவலகத் திண்ணைக்கு வருவோரின் பேச்சையே. தொலைவிலுள்ள குக்கிராமத்து நெசவாளரும், தார் சுற்றும் பெண்களும், தவணை தவறியதால் வர நாணும் சிறு விவசாயியும் அதில் இடம்பெறுவதில்லை.

ஆகவே, பதிவேட்டில் 400 பெயர்கள் இருப்பின் பத்துக்கு ஒன்றாக 40 பெயர்களைக் குறித்துக்கொண்டு, வீடு தேடிச் சென்று கேட்க வேண்டும். ஒருவர் இல்லையெனில் அடுத்த வீட்டாரைக் கேட்டு முடித்தல் தகாது; மறுமுறை சென்று அவரையே காண வேண்டும். கேட்பவர் வேட்பாளராகவோ கடன் வசூலிப்பவராகவோ இருத்தல் கூடாது. அவரிடம் எவரும் மனந்திறவார். பதில் கூற மறுத்தவர் எத்தனை பேர் என்பதையும் குறித்தல் வேண்டும். 40 பேரில் 15 பேர் வாய் திறவாராயின், எஞ்சிய 25 பேரின் சொல்லைக் கொண்டு சங்கத்தின் முடிவை முன்கூட்டி உரைப்பது பொருந்தாது. அந்த 15 பேரின் மௌனத்துக்குக் காரணம் அறிவதே நிர்வாகக் குழுவின் முதற் கடமையாம்.